நடு நாற்காலி

செங்கல் சூளைக்காரர், உட்கார்ந்த நாற்காலியை விட்டு எங்கும் போகாமலேயே, ஒரு மழைக்காலத்துக்குள் இல்லாமல் போனார். முதலில் நிழல் போனது, பிறகு எடை, கடைசியில் குரல். நோய்நொடி எதுவும் இல்லை. அவருடைய மனைவியின் சொந்தத் தம்பிதான் அந்த வீட்டு ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் பொருத்திக் கொடுத்தவன். அதனால் விஷயம் வெளியே போகவில்லை.

தம்பிக்கு அதுதான் தொழில். விலை உயர்ந்த ஸ்பீக்கரையும் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரையும் பக்கத்தில் வைத்துவிட்டால் பாட்டு வந்துவிடாது என்று, கேட்காதவர்களையும் நிறுத்திவைத்து விளக்குவான். சில ஸ்பீக்கர்கள் கொஞ்சம் கொடுத்தாலே பாடும். சிலது தாழ்ந்த சுரம் வந்ததும் மின்சாரத்தை வாரி வாரிக் கேட்கும். கொடுக்கத் திராணியில்லாத ஆம்ப்ளிஃபயர் அப்போது சூடேறித் திணறும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைத் தள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது, தள்ளியதை நிறுத்தவும் தெரியவேண்டும். இல்லாவிட்டால் முரசுச் சத்தம் ஈரக் களிமண் மாதிரி குழைந்துவிடும். இதையெல்லாம் மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டுவான். புரியவில்லை என்றால் சலிக்காமல் முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

அக்காவின் கணவர் அதற்கு நேர்மாறு. அவர் வாயைத் திறந்தால் வேகாத கல்லும் வெந்துவிடும் என்று சூளை ஆட்கள் சொல்வார்கள். ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வாங்கியவர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று நின்றார். "ஆளுக்கொரு வேலைக்காரன் வேணும் மச்சான். பங்கு போட்டா எவனும் வேலை செய்யமாட்டான்" என்றார். ஒரே வகையில் இரண்டு கிடைக்கவில்லை. வேறொரு கம்பெனியின் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தம்பி தேடிப் பிடித்து, மீட்டர் வைத்து எல்லா அளவும் இணையாக இருக்கிறதென்று பார்த்துக்கொண்டான். ஒன்று மட்டும் விட்டுப்போனது. இரண்டாவது ஆம்ப்ளிஃபயர், தன்னிடம் வருகிற ஒலியைத் தலைகீழாகத் திருப்பி அனுப்புகிற ரகம். அது குற்றமில்லை, அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்களை இடம் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும். ஆனால் இது மீட்டரில் தெரியாது, ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அந்த இடத்தில் சூளைக்காரர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார். கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா என்று தம்பி கேட்டதற்கு, "யார் வீட்டு நாற்காலி இது?" என்றார். தம்பி சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பினான்.

ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளுகிற அதே நொடியில் மற்றது பின்னே இழுத்தால், நடுவில் இருக்கிற காற்று எந்தப் பக்கமும் போகாது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறு வீடாக இருந்தால் தாழ்ந்த சுரங்கள் தொலையும், அவ்வளவுதான். இந்த வீட்டில் அது சுரங்களோடு நிற்கவில்லை. மாலைதோறும் பாட்டுக் கேட்ட சூளைக்காரர், ஒரு நாள் கத்தாமல் தேநீர் கேட்டார். சில வாரங்களில் நாற்காலி மெத்தையில் அவர் உட்கார்ந்த பள்ளம் மேலே எழும்பிவிட்டது. மின்விசிறி சுழன்றால் ஆள் லேசாக ஆடினார்.

ஒரு நாள் எதேச்சையாக வந்த தம்பி, வாசலிலேயே பாட்டு தாழ்ந்த சுரமில்லாமல் பொக்கையாகக் கேட்பதைக் கவனித்தான். நாற்காலியைப் பார்த்ததும் ஒயரிடம் ஓடினான். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"விடுடா. பதினாறு வருஷத்துல இப்பத்தான் இந்த வீட்ல தட்டு வைக்கிற சத்தம் என் காதுல விழுது."

"அத்தான் கரைஞ்சுகிட்டே போறாருக்கா."

"கோவந்தானே கரையுது. கரையட்டும்."

அக்கா பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. மழை விட்டபோது நாற்காலியில் சூளைக்காரரின் சட்டை மட்டும், மேல் பொத்தான் வரை போட்டபடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அக்கா அதைத் துவைத்துக் காயப்போட்டாள். கேட்டவர்களிடம் வெளியூர் போயிருக்கிறார் என்றாள். சூளை ஆட்கள் அதற்குமேல் துருவவில்லை.

ஆனால் காற்று எதையும் தொலைப்பதில்லை, இடம் மாற்றி வைக்கும். நடுவில் அழிந்தது பக்கவாட்டில் போய் இரட்டிப்பாகச் சேரும். அந்தக் கூடத்தில் வலப்பக்க மூலையில்தான் சூளைக்காரரின் மகள் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். ஏழாவது படிக்கிற ஒல்லிப் பெண். அவள் ஏறினால் மாடிப்படி முனகத் தொடங்கியது. அவளுடைய நாற்காலிக் கால்கள் தரையில் குழி போட்டன. விளக்கடியில் அவளுக்கு இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒரு மாலை, ஆறிப்போன தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை மனுஷன் குடிப்பானா?" என்றாள். குரல் அச்சு அசல் அவள் அப்பாவுடையது. எதிரே நின்ற அக்காவின் தோள்கள் பழைய வழக்கப்படி தாமாகக் குறுகின.

அக்கா தம்பியின் கடைக்கு வந்தது அதுதான் முதல்முறை. "அவ வாயைத் திறந்தா அவர் பேசறாருடா. அன்னைக்கே உன்னை விட்டிருக்கணும்" என்றாள்.

தம்பி போய் ஒயர்களை மாற்றிச் செருகினான். தாழ்ந்த சுரங்கள் திரும்பி வந்தன, பாட்டு தரையை மெல்ல அதிரவைத்தது. கூடம் சரியாகிவிட்டது. மகள் சரியாகவில்லை. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "யாரைக் கேட்டு கை வச்ச மச்சான்?" என்றாள். அதுவரை அவனை மாமா என்றுதான் அழைத்துவந்தாள்.

தம்பி நெடுநேரம் ஸ்பீக்கருக்குப் பின்னால் குந்தியிருந்தான். அவளிடம் போய்ச் சேர்ந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. எடுக்க முடியாவிட்டால், அதற்கு இணையான ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கலாம். இத்தனை வருடமாக அவன் செய்துவந்ததே அதுதான். ஒயர்களை மறுபடி தப்பாகவே செருகி, திருகாணியை இறுக்கினான்.

"இவகிட்ட அத்தான் மட்டுந்தான் போய்ச் சேந்திருக்காருக்கா. கூடவே நானும் கொஞ்சம் போறேன்."

"நீ என்னடா ஆவே?"

"மெதுவாத்தான் ஆகும்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூலையில் மகள் பென்சிலை ஒடித்தாள். அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அக்கா கையை விட்டாள்.

தம்பி தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தான். முறைப்படி முதலில் நிழல் போனது. கடையில் அவன் விளக்குவது காதில் விழவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். கோடை முடிவதற்குள் கடை வேறொருவர் கைக்குப் போனது. அவர் நன்றாகவே நடத்துகிறார்.

அதற்குப் பிறகு ஒரு மாலை, தேநீர் கொண்டுவந்த அக்காவை மகள் உட்காரச் சொன்னாள். "அம்மா, இந்தப் பெட்டி ஏன் சூடாகுதுன்னு சொல்லவா?" என்று கேட்டு, மேசைமேல் விரலால் கோடு போட்டு, சலிக்காமல் சொல்லத் தொடங்கினாள். தம்பி சொன்னபோதெல்லாம் வேலையிருக்கிறது என்று எழுந்து போன அக்கா, இம்முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். பாதியில் எங்கோ கதவு அடித்தது. "ரெண்டு நிமிஷம் நிம்மதியா பேச விடமாட்டீங்களா?" என்று அந்தப் பெண்ணின் வாயிலிருந்து சூளைக்காரர் அதட்டினார். பிறகு விரல், விட்ட இடத்திலிருந்தே கோட்டை மறுபடி தொடர்ந்தது.

இப்போதெல்லாம் அக்கா தேநீரை மூலை மேசையில் வைத்துவிட்டு, முதல் வார்த்தை வரும்வரை நின்றுகொண்டே இருப்பாள். யார் என்று தெரிந்த பிறகுதான் உட்காருவாள்.