இரண்டாம் கம்பி கட்டின இடம்

எட்டு மாதமாக அந்த வேலிப்பக்கம் தலைவைத்தும் படுக்காத ஹோரேஸ் அங்கிள், தை மாதத்து ஒரு பின்னேரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றபோது கொன்ஸ்டன்ஸ் கிணற்றடியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. ஒரு நண்டின் ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அறுபதைத் தாண்டிய மனிசன், கணவனுக்குச் சொந்தக்காரன், மகளுக்கு ஞானத்தகப்பன். ஒரு கதிரை கொண்டுவந்து போடுவதுதான் முறை. முறையெல்லாம் இவர் பார்த்தாரா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு நண்டின் காலை முறித்தாள்.

“கொன்ஸ்டன்ஸ், ஒள்ளம் கதைக்கலாமா?”

“கதைங்க அங்கிள். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.”

மார்கழிக் காற்று தன்னுடைய டவர் உச்சியிலிருந்த அன்டெனாவைத் திருகிவிட்டது என்றார். மாசியில், வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக றேடியோவில் பேசுகிற உலகத்து ஹாம்காரர் எல்லாம் மோதுகிற போட்டி வருகிறது, அதற்குள் நிமிர்த்தியாக வேண்டும். ஏறுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. கல்லடியிலிருந்து செட்டிபாளையம் வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டார், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நாரி பிடித்து இடுப்பு நிமிரவில்லையாம். ஆகவே தானே ஏறப்போகிறார். டவரை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளில் ஒரு பக்கத்துக் கம்பிகள் இவள் வளவுக்குள்தான் முளை அடித்துக் கட்டியிருக்கின்றன. அவற்றை முறுக்குவதற்கு இவளுடைய உத்தரவு வேண்டும். மேலே வேலை முடிந்ததும் கீழே அறைக்குள் இருந்து கேபிளைப் பூட்டி, மீற்றரைப் பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

“உங்களுக்குத்தான் றேடியோ செற் பழக்கம். ரொபினுக்கு இப்ப நீங்கதானே எல்லாம் போட்டுக் குடுக்கிற.”

தன் கணவன் ரொபினின் பேரை அந்த வாய் இவ்வளவு லேசாகச் சொன்னதில் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் முகத்தைக் கோணவில்லை.

“ஞாயிறு பூசை முடிஞ்சு வாறன்,” என்றாள்.

“கடவுள் ஆசீர்வதிப்பார் பிள்ளை.”

மனம் இளகிவிட்டாள் என்று நினைத்திருப்பார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் போகிற அழகை அவள் வேலி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தெருத்தெருவாக அலைந்து கடைசியில் இவள் வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறார். இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே இனித்தது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற டச்பார் என்ற ஊரில் ஹோரேஸின் டவரைத் தெரியாதவர் இல்லை. தென்னைகளுக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் இரும்பை ஒட்டியவனும் நிறுத்தியவனும் ரொபின்தான். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று வருடத்துக்கு வருடம் ஏறிச் சுரண்டிப் பூச்சுப் பூசியவனும் அவன்தான். ஹோரேஸுக்கு உயரம் ஆகாது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “கவனம் மகன், கவனம்” என்பார். அந்தக் கவனம் எல்லாம் எங்கே போனது என்பதுதான் கதை.

போன வைகாசியில் ரொபின் டவரிலிருந்து விழுந்தான். தகரக் கொட்டில் ஒன்றின்மேல் விழுந்ததால் உயிர் மிஞ்சியது. இடுப்புக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, ஹாம்காரர் எல்லாம் வாராவாரம் கூடிப் பேசும் அலைவரிசையில் ஹோரேஸ் துக்கக்குரலில் சொன்னார்: பாவம் பொடியன், காலையிலேயே ஒள்ளம் போட்டிருந்தான்போல, சாராய மணம் வந்தது, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். ரொபினைப்போலப் போர்த்துக்கேய வழிவந்த பறங்கி என்றால் குடி என்று சொல்ல ஊரில் யாருக்கும் சாட்சி தேவைப்படாது. சொல்கிறவரும் பறங்கி என்றால் கேட்கவே வேண்டாம். மகள் றொஷெல் தேவாலயத்தில் முதன்முதலாகப் புதுநன்மை எடுத்த நாளோடு குடியை விட்டவன் ரொபின். அந்த மகள் இப்போது கலியாணம் முடித்துத் திருகோணமலையில் இருக்கிறாள். இத்தனை வருடம் ஒரு சொட்டு வாயில் படாதவனை, மீன் சந்தையில் “வெறியில விழுந்தவன்” என்றுதான் அடையாளம் சொன்னார்கள். அவனோடு டவர் ஏறித் திரிந்தவர்கள்கூட வந்து பார்க்கவில்லை. வெறியில் ஏறுகிறவன் கூட ஏறுகிறவனையும் கொல்லுவான், அது அவர்களுடைய கணக்கு. கால் போனதைவிட இதுதான் ரொபினைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தது.

உண்மை அஸாமின் வாயிலிருந்து வந்தது, அதுவும் அவருக்கே தெரியாமல். அஸாம் காத்தான்குடியில் றேடியோக் கடை வைத்திருப்பவர், அவரும் ஹாம். ஐப்பசியில் ரொபினுக்குப் பற்றறி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்தபடி பழங்கதை பேசினார்.

“ஹோரேஸ் சேருக்கு அதிஷ்டம் அக்கா. றேடியோவில பிடிக்க வருசக்கணக்காத் தேடின அந்தத் தூரத்துத் தீவுக்காரன் அண்டைக்குத்தான் அவருக்கு ஆப்பிட்டான். நானும் கடையில இருந்து கூப்பிட்டன், எனக்குக் கிடைக்கல்ல. அவர்ர அன்டெனா பெரிசுதானே.”

“எண்டைக்கு?”

“வைகாசியில, ரொபின் விழுந்த...” என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். கோப்பையைக் கீழே வைத்தார். அன்று அந்த நேரம் அந்தப் பெரிய அன்டெனாவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றவன் ரொபின். ஆள் மேலே நிற்கும்போது செற்றில் அனுப்பினால் அன்டெனாவைத் தொட்ட கை வேகும். கொன்ஸ்டன்ஸுக்கு ரொபினின் வலது உள்ளங்கையிலிருந்த வெள்ளைத் தழும்பு ஞாபகம் வந்தது. கம்பி உரசினது என்று அவன் சொல்லியிருந்தான். அன்று இரவு கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். “விடு கொன்ஸ்டன்ஸ். கேட்டு என்ன செய்யப்போறாய்,” என்று மட்டும் சொன்னான். என்ன செய்வது என்று அவள் அதற்குப் பிறகு யோசிக்காத நாளில்லை. அஸாம் ஒருவரிடமும் சண்டைக்குப் போகவில்லை. டவர் ஏறுகிறவர்களின் காதில் மெல்லப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். அதன்பிறகுதான் எல்லோருக்கும் நாரி பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன சட்டையோடே ஹோரேஸின் வளவுக்குப் போனாள். வீட்டில் கையில் பிடித்துப் பேசும் சின்னக் கைச்செற் இரண்டு. ஒன்றை ரொபினின் தலைமாட்டில் வைத்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டாள். காற்று விழுந்திருந்தது, வாவி தகடுபோலக் கிடந்தது. ஹோரேஸ் ஸ்டே கம்பிகளை முறுக்கி முடித்து, இடுப்பில் பெல்ட்டையும் தோளில் தன் கைச்செற்றையும் மாட்டிக்கொண்டு அறைக்குள் வந்தார். முகம் வெளிறியிருந்தது. செற்றின் பின்பக்கம் குனிந்து அன்டெனாக் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்தார். வைத்ததை ஒருமுறை தொட்டும் பார்த்தார்.

“ஆள் மேல நிக்கக்குள்ள இது பூட்டியிருக்கப்படாது. நான் சொன்னாப் பொறகுதான் பூட்டணும், சரியா?”

“அண்டைக்கும் இப்பிடிக் கழட்டினீங்களா அங்கிள்?”

அவர் பெல்ட்டின் கொளுக்கியைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்தார். “எப்பவும் கழட்டுறதுதானே.”

சரி என்று தலையாட்டினாள். தன்னுடைய கை வேகும் என்றால் இந்த மனிசனுக்கு எவ்வளவு பக்குவம் என்று பார்த்தாள். அதுவரைக்கும் அவளுக்குள் ஒரு மூலையில், உண்மையைச் சொல்லி ஒரு அழுகை அழுதாரென்றால் விட்டுவிடலாம் என்ற நினைப்பு கிடந்தது. அந்தக் கேபிளை அவர் தொட்டுப் பார்த்ததோடு அது செத்தது.

அவர் ஏறுவதை யன்னல் வழியாகப் பார்த்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். உச்சியை அடைந்து பெல்ட்டை மாட்டி, அன்டெனாவின் குழாயை இரண்டு கையாலும் பிடித்ததும் அவள் கேபிளை எடுத்துச் செற்றில் பூட்டினாள். செற்றைப் போட்டாள். மேசையில், தட்டினால் செற்றிலிருந்து அன்டெனாவுக்கு அலை போகும் சின்னப் பித்தளை மோர்ஸ் கீ இருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. மற்றக் கையால் கைச்செற்றை எடுத்தாள்.

“அங்கிள், உங்கட கைச்செற்ற ஞாயிற்றுக்கிழமை அலைவரிசைக்குத் திருப்புங்க.”

“என்னத்துக்கு? அங்க ஆக்கள் கதைச்சிக்கொண்டிருப்பாங்க.”

“அதுக்குத்தான். கேபிள் பூட்டியிரிக்கி. செற் போட்டிரிக்கி. என்ர விரல் கீயில இரிக்கி. அன்டெனாவில இருந்து கைய எடுக்கப் பாத்தாலும் தட்டுவன், பெல்ட்டத் தொட்டாலும் தட்டுவன்.”

அவர் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு டவர் மெல்லக் கிறீச்சிட்டது. அவர் நடுங்குவது கம்பிகள் வழியாக இறங்கி அவளுடைய வளவு வரைக்கும் போயிருக்கும். போகட்டும் என்று நினைத்தாள். எட்டு மாதமாக ஒருவனைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டவளுக்கு ஒரு மனிசன் நடுங்குவதைப் பார்ப்பது பாவமாகத் தெரியவில்லை.

“ஒரு கையால திருப்பலாம். திருப்புங்க.”

திருப்பினார். அவளும் கட்டைவிரலால் தன்னுடையதைத் திருப்பினாள். அலைவரிசையில் கல்முனைக்காரர் ஒருவர் காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார். ஹோரேஸ் இடையில் புகுந்து தன்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியைச் சொன்னார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

“போன வைகாசியில நடந்த விபத்தில... தொடர்பாடலில ஒரு சின்னக் குறைபாடு ஏற்பட்டது...”

கொன்ஸ்டன்ஸ் கைச்செற்றை அழுத்தினாள். “நாங்க கதைக்கிற தமிழில சொல்லுங்க அங்கிள்.”

“ரொபின் மேல நிக்கக்குள்ள... செற்றில அனுப்பினது நான். அந்தத் தீவுக்காரன் கேட்டான்... ஒரு நிமிசந்தானே எண்டு போட்டன்.”

“வெறியில நிண்டவனா?”

“இல்ல.”

“முழுசா.”

“ரொபின் குடிச்சிருக்கல்ல. ஒரு சொட்டும் இல்ல. நான்தான் பொய் சொன்னன். நான்தான்.”

 பிறகு அஸாமின் குரல், “கேட்டிச்சி. எல்லாருக்கும் கேட்டிச்சி,” என்றது.

இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள். கிடைத்துவிட்டது. ஆனால் விரல் கீயை விட்டு எழும்ப மறுத்தது. ஒரே ஒரு தட்டு, ஒரு புள்ளி அளவுக்கு, அந்த உள்ளங்கையிலும் ஒரு தழும்பு வரட்டும் என்று அது சொன்னது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

அப்போது ரொபின் பேசினான். எட்டு மாதமாக அந்த அலைவரிசையில் அவன் கேட்டுக்கொண்டிருந்தானே தவிர ஒரு சொல் பேசியதில்லை. நிதானமாகத் தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, “அங்கிள், இறங்குங்க. பயப்பிடாதீங்க, நான் சொல்லுறன்,” என்றான்.

கொன்ஸ்டன்ஸுக்குக் கோபத்தில் கண் நிறைந்தது. இந்த மனிசனுக்கு ரோசம் என்ற ஒன்று இல்லவே இல்லையா. தான் கஷ்டப்பட்டுப் பிடித்ததை அவன் கட்டிலில் கிடந்தபடியே அவிழ்த்துவிடுகிறான்.

“வலது கால முதல்ல கீழ வைங்க. ஓம். இப்ப மற்றது. கைய ஒவ்வொண்டா மாத்துங்க.”

ஹோரேஸ் குழந்தைப்பிள்ளைபோல அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மேல் ஸ்டே கம்பிகளடியில் பெல்ட்டைக் கழற்றி மாட்டித் தாண்டினார். தென்னையின் ஓலை விரியும் வட்டின் உயரத்தில் இரண்டாம் கம்பிகள் கட்டிய இடத்துக்கு வந்தார்.

“கம்பிக்குக் கீழ போறதெண்டா பெல்ட்டக் கழட்டத்தான் வேணும். கழட்டுங்க.”

கழற்றினார். பெல்ட் அவர் இடுப்பிலிருந்து தொங்கியது.

“இப்ப நில்லுங்க,” என்றான் ரொபின்.

ஹோரேஸ் நின்றார்.

“கீழ பாருங்க அங்கிள். நான் மேல இருந்து நேர விழல்ல. வழுக்கி வந்து, இதில இந்தக் கம்பியப் பிடிச்சிட்டன். வெந்த கையால ஏலாது, மற்றக் கையால தொங்கினன். தொங்கிக்கொண்டு உங்களக் கூப்பிட்டன். உங்கட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டன். உங்கட காதில ஹெட்போன். கை மரத்துப் போகும்வரைக்கும் கூப்பிட்டன்.”

கொன்ஸ்டன்ஸ் கீயிலிருந்து கையை எடுத்தாள். இது அவளுக்கும் தெரியாது. அன்று அவள் சந்தையில் நின்றிருந்தாள்.

“ரொபின்,” என்றார் ஹோரேஸ். கொஞ்சம் பொறுத்து, “ரொபின், மறுகா எந்தக் கால வைக்கிற?”

ரொபின் பதில் சொல்லவில்லை, கைச்செற்றில் இரைச்சல் மட்டும் இருந்தது.  வேலிக்கு அந்தப்பக்கம் தன் வீட்டில் ரொபினின் கட்டிலடி யன்னல் திறந்திருப்பது இங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது.

“மகன்,” என்றார் மறுபடியும்.

வெயில் டவரின் ஒரு பக்கத்தில் ஏறியிருந்தது. ஹோரேஸ் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கால், கம்பிக்குக் கீழே படி எங்கே என்று தெரியாமல், காற்றில் தடவிக்கொண்டிருந்தது.