கடலோரக் குட்டி ரயில்

சலாஹுதீன் சவூதியில் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்த எட்டு மாதத்தில் அவர் சஃபியாவிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், எழுதியது போக இடமும் மிஞ்சும். "தண்ணி குடு." "தொழுவப் போறேன்." "சோறு வேணாம், கஞ்சி போதும்." மனுஷர் கோபக்காரரும் இல்லை, குத்திக் காட்டுகிறவரும் இல்லை. ஹாலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார். சஃபியா எதிரே வந்து உட்கார்ந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

இதே மனுஷர்தான் இருபத்தேழு வருஷம் ஃபோனில் அந்தப் பேச்சுப் பேசினார் என்றால் யார் நம்புவார்கள்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, அவர் வேலை பார்த்த குடோனுக்கு அன்று விடுமுறை என்பதால் நிதானமாகக் கூப்பிடுவார். அய்யம்பேட்டை கடைத்தெரு பூத்தில் வரிசையில் நின்று பேசிய காலத்திலிருந்து, செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மீன் கழுவியபடி பேசிய காலம் வரைக்கும் அவள் ஒரு வெள்ளியைக்கூட விட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்தால் தங்கச்சி கல்யாணம், மாடி கட்டுவது, யார் வீட்டிலாவது விருந்து. புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்து பேச நேரம் எங்கே இருந்தது? திரும்பிப் போய் ஃபோன் பண்ணும்போதுதான் அவர் மறுபடி அவளுடைய ஆளாவார்.

அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் விசாகப்பட்டினம். தம்மாமில் அவருடைய அறையில் ராகவேந்திரா என்று விசாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊரில் மலை நேராகக் கடலுக்குள்ளேயே இறங்கும் என்று அவர் சொன்னதை சலாஹுதீன் ஃபோனில் சொல்லப்போக, சஃபியா பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வயலும் வாய்க்காலுமான சமதரையில். வீட்டு மாடியும் குடமுருட்டி ஆற்றுப் பாலமும்தான் அவள் ஏறிய அதிகபட்ச உயரம். கடல் பார்த்திருக்கிறாள், வேதாரண்யத்தில், உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது. அதுவும் உப்பளத்தோடு உப்பளமாகத் தட்டையாகத்தான் கிடந்தது. மலையும் கடலும் ஒரே இடத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டாள். அடுத்த வெள்ளி அவர் விசாரித்து வந்து சொன்னார். அதற்கடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம்.

சொன்னதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மூன்று குன்றுகள், ஒன்றில் கோயில், ஒன்றில் சர்ச், ஒன்றில் தர்கா. கரையில் ஏற்றி வைத்த நீர்மூழ்கிக் கப்பல். கைலாசகிரி மலைக்குக் கம்பியில் தொங்கும் வண்டி. முழங்கால் வலிக்கிறது என்று அவள் சொன்ன வருஷத்தில், தர்கா போகும் படியில் பாதி வழியில் ஒரு வேப்பமரமும் இரண்டு பேர் உட்காரக் கல்பெஞ்சும் இருப்பதாகச் சொன்னார். சுக்குக் காப்பி போடும் கமருன்னிஸா என்ற அம்மாவின் கடை வந்தது. நடக்கவே முடியவில்லை என்று அவள் அழுத வருஷம், மணலை ஒட்டியே ஓடும் ஒரு குட்டி ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, உனக்கு ஜன்னலோரம் என்றார்.

அதனால்தான் இந்தப் பயணத்தை அவள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றும் ஆசை அவளுக்கு எப்போதோ வடிந்துவிட்டது. அந்த ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஃபோனில் பேசிய அந்த ஆள் வாயைத் திறப்பார் என்று நம்பினாள். அவள் என்ன சொத்தா கேட்டாள்? கட்டிய புருஷன் பேச வேண்டும் என்று கேட்டாள்.

தஞ்சாவூரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் மகள் சுமையா, ஞாயிற்றுக்கிழமை மதியம் டிக்கெட் போட வந்தாள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் போகலாம் என்று பேச்சு. சமையல்கட்டில் அம்மாவின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போனில் வரைபடத்தை விரித்து ஒவ்வொன்றாகத் தேடினாள்.

"தர்கா இருக்கும்மா. கப்பல் இருக்கு. இந்தக் கடலோர ரயிலு எங்க இருக்கு?"

"மலையடிவாரத்துலேருந்து தர்கா வரைக்கும் போவுமாம். அத்தா சொன்னாங்க."

சுமையா வெகுநேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "கைலாசகிரி மேல சுத்தி வர்ற குட்டி ரயிலுதான் இருக்கு. கடலோரமா அப்படி எதுவுமே இல்லம்மா. தர்கா படி போட்டோவுல பெஞ்சும் இல்ல, மரமும் இல்ல."

"எடுத்திருப்பாங்க," என்றாள் சஃபியா.

"ரயில் பாதையையா?"

சஃபியா கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கை கண்ணாடிக்குப் போயிற்று.

"என்னங்க, அதைக் கழட்டாதீங்க. அந்த ரயிலு இருக்கா இல்லையா?"

அவர் வாசலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ராகவேந்திரா வேலையை விட்டுப் போயே பதினோரு வருஷம் ஆச்சு," என்றார்.

"அப்புறம் யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ ஒவ்வொரு வாரமும் அப்புறம் அப்புறம்னு கேட்ட. தெரியலன்னு சொன்னா நீ ஃபோனை வச்சிருவியேன்னு பயம். கட்டில்ல படுத்துக்கிட்டு வாரம் பூரா யோசிப்பேன், வெள்ளிக்கிழமை என்ன சொல்றதுன்னு."

எட்டு மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. சஃபியாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. தன் முழங்காலுக்காக ஒரு மனுஷன் அத்தனை தூரத்தில் படுத்துக்கொண்டு பெஞ்சு போட்டிருக்கிறான், ரயில் விட்டிருக்கிறான்.

"இல்லாட்டிப் போவுது. இருக்குறதைப் பார்ப்போம். நீங்க வாங்க, போதும்."

"நான் வரல சஃபியா."

"ஏன்?"

"அங்க வந்தும் இப்படித்தான் உக்காந்திருப்பேன். எதிர்ல உன் முகத்தைப் பார்த்தா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது. நானும் முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். தினமும் பண்றேன். உன்னைக் கண்ணால பாத்துப் பழகலையே நானு. உன் சத்தத்தோடதானே குடும்பம் நடத்துனேன்."

சமையல்கட்டில் சுமையா அசையாமல் நிற்பது தெரிந்தது.

"நீயும் சுமையாவும் போயிட்டு வாங்க," என்றார். "அங்கேருந்து எனக்கு ஃபோன் பண்ணு. மலை எப்படி இருக்கு, கடல் எப்படி இருக்குன்னு சொல்லு. நான் கேட்டுக்குறேன். நானும் பேசுவேன். ஃபோன்னா பேசுவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். இவர் வந்து சேர வேண்டும் என்று இருபத்தேழு வருஷம் நாளை எண்ணியவள் சஃபியா. வந்த மனுஷனோடு பேச, இப்போது அவள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கிறது.

"சுமையா," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "ரெண்டு டிக்கெட் போடு. நமக்கு மட்டும்."

பிறகு அவர் பக்கம் திரும்பி, "எத்தனை மணிக்குப் பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்தார். எட்டு மாதமாக அவள் அந்த முகத்தில் பார்க்காத சிரிப்பு ஒன்று வந்தது.

"மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து ரெடியா இருப்பேன். எப்ப வேணா பண்ணு. நான் எங்கயும் போக மாட்டேன்."

சஃபியா சரி என்று தலையாட்டினாள். அவருக்குத் தெரியாமல் அழ, எழுந்து கொல்லைப்புறம் போனாள்.