ஒரே ஒரு துளை

பல் டாக்டருக்கு நாள் முழுக்கத் துளைப்பதுதான் தொழில். காலையில் கிளினிக்கைத் திறந்ததும் ஆரம்பிக்கிற அந்த ‘கொய்ங்’ சத்தம் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வந்து, சமையலறையில் நிற்கும் அவர் மனைவி டீச்சரின் காதைக் குடையும். கூடவே அவர் குரலும் வரும். “வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்.” தூக்கினால் நிஜமாகவே நிறுத்துவார். அதனால்தான் அவரிடம் அவ்வளவு கூட்டம்.

பெரியவர், சின்னவர் என்று யார் வாயையும் விட்டுவைக்காத இந்த மனிதர், பின்பக்க ஷெட்டில் நிற்கும் மனைவியின் காரில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு துளை போடச் சொன்னால் மட்டும் பிடி கொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறி, இறங்க வழி தெரியாமல் அங்கேயே குடியிருந்தது.

கார் டீச்சருடையது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் தெருவில் எல்லோரும் ‘டாக்டர் கார்’ என்றே சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. பாலிடெக்னிக்கில் எந்திர வரைபடம் சொல்லிக்கொடுத்த சம்பளத்தில், கல்யாணத்துக்கு முன்பே அவள் வாங்கியது. இரண்டே இருக்கை, நீள மூக்கு, தரையோடு தரையாகப் பதுங்கிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். வாங்கும்போதே அவளைவிட அதற்கு வயது அதிகம். டாக்டரை முதன்முதலாக அதில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வளைத்து வளைத்து ஓட்டினாள். உச்சியில் இறங்கியவர் முதலில் வாந்தி எடுத்தார், பிறகு கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அவர் ஓட்டுவது வேறு ரகம். முன்னால் போகிற சைக்கிளுக்கு வழிவிட்டு, பின்னால் வருகிற சைக்கிளுக்கும் வழிவிட்டு, கடைசியில் பேசாமல் நடந்தே போயிருக்கலாம் என்று தோன்றவைப்பார். முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து, இடது முழங்காலுக்குக் கீழே மரத்துப்போனது மரத்தபடியே நின்றுவிட்ட பிறகு, டீச்சர் எங்கே போவதென்றாலும் இந்த மனிதரின் பக்கத்தில் கைத்தடியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் போகவேண்டியிருந்தது.

“நீ எழுந்து நடமாடறதுக்குள்ள உன் வண்டியைப் புதுசாக்கிக் காட்டறேன் பார்” என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னார். சொன்னபடி செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கதவு இடுக்குகளில் விட்டுத் துரு தேடினார். பல்லுக்கு மெருகேற்றும் பசையால் பம்பரைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்தார். உடைந்துபோன இடது ஹெட்லைட்டுக்கு அதே காலத்துக் கண்ணாடி வேண்டுமென்று எங்கெங்கோ விசாரித்து, யாரோ ஒருவரின் பரணிலிருந்து வரவழைத்தார். எல்லாம் பழையபடி அச்சு அசலாக இருக்கவேண்டும். அதுதான் அவர் கட்சி.

டீச்சரின் கட்சி சின்னது. கியர் கம்பியின் தலையில் ஒரு பொத்தான் வைக்கலாம். அதை அழுத்தினால் சின்ன மோட்டார் ஒன்று கிளட்ச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் வலது கால் பார்த்துக்கொள்ளும், இடது காலுக்கு வேலையே இல்லை. அவளே அளந்து படம் வரைந்து வைத்திருந்தாள். சாமான் எல்லாம் வந்து, பெட்டி பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவே இருக்கிற தகட்டில் கேபிள் நுழைய ஒரு துளை. அவ்வளவுதான்.

“என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமையாவது?”

“சீட்டுக்குத் தோல் வரட்டும். அதே நிறத்துல நூல் கிடைக்கல.”

தோல் வந்தது. நூலும் வந்தது.

“ஸ்பீடாமீட்டர் முள்ளு சரியாகட்டும். வண்டி நிக்கும்போதே இருபதுல போறதா காட்டுது.”

“பரவாயில்ல, நீங்க ஓட்டறதைவிட வேகம்தான்.”

அவர் சிரிக்கவில்லை. “அந்தத் தகட்டுல மட்டும்தான் தொழிற்சாலையில அடிச்ச பெயிண்ட் அப்படியே இருக்கு. அதுல போய்த் துளை போடச் சொல்றியே. ஒரு தடவை போட்டா போட்டதுதான்.”

“நேத்து ஒருத்தருக்கு நாலு பல்லைப் பிடுங்கிட்டு நாலு பொய்ப்பல் வெச்சீங்களே, அப்போ எங்க போச்சு இந்த ஒரிஜினல்?”

“அது வேற.”

“எப்படி வேற?”

இப்படி மடக்கினால் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்த ஒரு வருஷத்தில் அந்தக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்க வேண்டும்.

நாத்தனார் வந்தால் இன்னும் எரியும். “அண்ணி, எங்க போகணும்னாலும் அண்ணன் கூட்டிட்டுப் போறாரே, உங்களுக்கென்ன குறை? இல்லேன்னா கியர் இல்லாத வண்டி ஒண்ணு வாங்கிக்கலாமே” என்பாள்.

“கியர் இல்லாத வண்டி ஓட்டறது லிஃப்ட்ல போற மாதிரி. சரி, அதையாவது வாங்கித் தரச் சொல்லு உங்க அண்ணனை.”

அதற்கும் டாக்டர் மசியவில்லை. “இப்ப என்ன அவசரம்? கால் கொஞ்சம் சரியாகட்டும்” என்றார். டீச்சருக்கு அப்போதே சுருக்கென்றது.

கடைசியில் மெக்கானிக்கைப் பிடித்தாள். தெருவுக்கே அவன் பெயர் ‘நாளைக்கு’. எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதில் என்பதால் வந்த பெயர். டாக்டர் கிளினிக்கில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச்சொல்லி, பெட்டியைக் காட்டினாள்.

“டாக்டர் சொல்லாம கை வெக்க மாட்டேன் டீச்சர்” என்று பின்வாங்கியவன், போகிற போக்கில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். “அந்தப் பெடல் கட்டை போதுமா, இன்னும் அரை இஞ்ச் ஏத்தணுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

“எந்தப் பெடல் கட்டை?”

அவன் முழித்த முழியிலேயே பாதி புரிந்துவிட்டது. டீச்சர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், கதவைத் திறந்து, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாள்.

கிளட்ச் பெடலில் இரண்டு துளைகள். மேலே அகலமான இரும்புக் கட்டை ஒன்றை வைத்து முடுக்கியிருந்தது. பாதம் நழுவாமல் இருக்க, மூன்று சக்கர சைக்கிளில் குழந்தைகளுக்குப் போடுவதுபோல் தோல்பட்டை வேறு. பட்டை தைத்திருந்த நூல் சீட்டின் நிறத்தில் இருந்தது. ஸ்பிரிங்கும் மாறியிருந்தது. கையால் அமுக்கிப் பார்த்தாள், பஞ்சு மாதிரி இறங்கியது.

ஆக, அச்சு அசல் எல்லாம் சும்மா. துளை போடுவதில் அந்த மனிதருக்கு ஒரு தயக்கமும் இல்லை. வராத காலுக்காகத் துளைத்திருக்கிறார், இருக்கிற அவளுக்காகத் துளைக்க மாட்டேன் என்கிறார்.

“அவரைக் கூப்பிடு” என்றாள் ‘நாளைக்கு’விடம். “இப்பவே.” வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஓடினான்.

டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியபடி வந்தார். “உள்ள ஒருத்தருக்கு ஊசி போட்டு மரக்க வெச்சிருக்கேன், என்ன விஷயம்?”

“மரத்துப்போனா எப்படி இருக்கும்னு அவருக்கு இப்ப நல்லாத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல. இது என்னங்க?”

அவர் பெடலைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. “கால் வந்துடும். வந்ததும் சுலபமா இருக்கட்டும்னுதான். காலுக்குப் பயிற்சி குடுக்கற அம்மா சொன்னாங்களே, முயற்சி பண்ணலாம்னு.”

“அது போன வருஷம். இந்த வருஷம் இனிமே இவ்வளவுதான்னு சொன்னாங்க. நீங்களும் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க.”

“ஒரு தடவை மிதிச்சுத்தான் பாரேன்” என்றார் டாக்டர். கெஞ்சுகிற குரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை.

கோபத்தோடுதான் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் பட்டைக்குள் பாதத்தை நுழைத்து, தொடையால் அழுத்தி, பெடல் இறங்குவதைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் அவளுமே நம்பிவிட்டாள், அதை மறைப்பானேன். டாக்டர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. முதல் கியர் வெண்ணெயாக விழுந்தது. பழைய உறுமல் தரை வழியாக முதுகில் ஏறியது. மெதுவாக, மெதுவாகக் காலைத் தூக்கவேண்டும். தூக்கத்தான் செய்தாள். எவ்வளவு தூக்கினோம் என்பதைச் சொல்லத்தான் காலில் உணர்ச்சி இல்லை.

கார் ஒரே தாவாகத் தாவி, எதிரே இருந்த வேலை மேஜையில் முட்டி நின்றது. இடது ஹெட்லைட் கண்ணாடி சலசலவென்று கொட்டியது. யாரோ ஒருவரின் பரணிலிருந்து வந்த கண்ணாடி.

சத்தம் கேட்டு, ஒரு பக்க வாய் கோணிப்போன நோயாளி பஞ்சைக் கடித்தபடி ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார். “ஏனாஷ்ஷு டாக்டர்?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

“நான் மிதிச்சிருக்கேனா, விட்டுட்டேனான்னு எனக்கே தெரியலைங்க” என்றாள் டீச்சர். “அவருக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துல உணர்ச்சி வந்துடும். எனக்கு வராது. நீங்க வண்டியைப் பழையபடி ஆக்கலாம். என்னை ஆக்க முடியாது. நான் ஓட்டணும், அவ்வளவுதான்.”

டாக்டர் இறங்கி அவள் பக்கம் சுற்றி வந்தார். குனிந்து, பட்டையைத் தளர்த்தி, அவள் பாதத்தை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு நோயாளியைத் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார். அன்று முழுக்க அவர் பேசியதெல்லாம் நோயாளிகளிடம்தான். டீச்சர் விட்டுவிட்டாள், இனி இந்தக் கல்லில் நார் உரிக்கத் தெம்பில்லை என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்தபோது ஃபிரிட்ஜ் மேல் பெட்டி இல்லை.

ஷெட்டில் காரின் எஞ்சின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. பெடலிலிருந்து கழற்றிய இரும்புக் கட்டையும் தோல்பட்டையும் வேலை மேஜையில் கிடந்தன. அவள் வரைந்த படத்தை எஞ்சின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, டாக்டர் தகட்டில் அளந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். கையில் டிரில் மெஷின்.

“வெளிச்சம் போதல. பிடிக்கிறியா?” என்றார் திரும்பாமல்.

டீச்சர் மட்கார்டில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்தாள். மெஷின் சுழன்றது. அந்தப் பழைய பச்சைப் பெயிண்ட் பொடியாக உதிர்ந்து, அடியில் வெள்ளையாகத் தகடு தெரிய ஆரம்பித்தது. பாதி கூட இறங்கியிருக்காது, சத்தம் நின்றது.

டாக்டர் குனிந்தபடியே இருந்தார். அவருடைய இடது கை மேலே உயர்ந்திருந்தது.

டீச்சர் டார்ச்சை அசைக்காமல் காத்திருந்தாள். கை தூக்கிய யாரையும் அவர் அவசரப்படுத்தியதில்லை, அவளும் அவசரப்படுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கை தானாக இறங்கியது.

“இன்னும் கொஞ்சம்தாங்க” என்றாள்.