முதல் தீக்கு நிற்பவர்

துருவில் இரண்டு வகை உண்டு என்பான், கார்த் தகடு ஒட்டும் டிங்கர் பாலகுரு. வெளியிலிருந்து தின்பது மழையின் வேலை. பெயின்ட்டைக் கொப்புளிக்க வைத்துத் தன் வருகையை முன்பே அறிவித்துவிடும். உள்ளிருந்து தின்பது அப்படி அறிவிப்பதில்லை. மேல்தகடு கண்ணாடிபோல் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

மல்லாங்கிணற்றிலிருந்து இழுத்துவரப்பட்ட 1962 மாடல் பியட்டின் இடப்புறத்தில் அவன் விரல் அப்படித்தான் உள்ளே போனது. கதவுகளுக்குக் கீழே நீளும் பெட்டித் தகட்டைப் பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள். பழைய பட்டிப் பூச்சைச் சுரண்டி எடுத்ததும் முழநீளத்துக்குத் தகடே இல்லை. கிழிசலின் ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதை நகத்தால் எடுத்து நாக்கில் வைத்தான். குளிர்ந்தது.

வெடியுப்பு நாக்கில் குளிரும். சிவகாசிப் பக்கம் பிறந்த யாருக்கும் அது தெரியும். ஆனால் யூரியாவும் குளிரும்.

"ஐயா, இந்த வண்டியில வெடிமருந்துச் சாமான் எதும் ஏத்துனீகளா?"

வண்டியின் உரிமையாளர் ஒச்சப்பன் நிலம் வைத்திருந்த எழுபது வயதுச் சம்சாரி. பாலகுருவின் தகப்பன் ஒரு காலத்தில் அவர் புஞ்சையில் கூலிக்கு உழுதவர். கேள்வி கேட்டவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தபடி அவர் பதில் சொன்னார்.

"யூரியா ஏத்துனேன். கார்ல உரம் கொண்டுபோறான் கோட்டிக்காரன்னு ஊரே சிரிச்சுச்சு."

மகன் அருள்பாண்டி காரியாபட்டியில் பள்ளி ஆசிரியர். "அப்பாவா, மருந்தா? நல்லாக் கேட்டீக அண்ணாச்சி! தீவாளிக்கு ஒரு சரம் வாங்கித் தந்ததில்ல. சிவகாசிக்கு இம்புட்டுப் பக்கத்துல பொறந்து, வெடிச் சத்தத்த அடுத்த வீட்டுல இருந்து கேட்டு வளந்தவன் நானு."

மூவரும் சிரித்தார்கள். பாலகுரு அந்தச் சிரிப்பை விரைவில் முடித்துக்கொண்டான்.

ஒரு சிட்டிகையை நெருப்பில் போட்டால் தெரிந்துவிடும். யூரியா உருகி நாறும். வெடியுப்பு பொரிந்து சீறும். ஆனால் பெரிய மனிதர் ஒருவர் வாயால் சொன்ன பிறகு அவர் கண்ணெதிரே அதை நெருப்பில் போடுவது, அவரைப் பொய்யர் என்று சொல்வதற்கு ஒப்பாகும். பெட்டிக்குள் நீரடித்துக் கழுவலாம். ஆனால் மடிப்புகளில் தங்கும் நீர் காய்வதற்கு நான்கு நாட்களாவது பிடிக்கும். மாசிச் சிவராத்திரிக்கு ஐந்தே நாட்கள் இருந்தன. பதினைந்து வருடம் தொழுவத்தில் கிடந்த இந்தக் காரில் தகப்பனை ஏற்றிக் குலதெய்வம் கோயிலுக்குத் தானே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது அருள்பாண்டியின் ஆசை.

இத்தகைய இக்கட்டுக்கென்றே அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் இருந்தது. சாத்தூர் ரோட்டில் செல்லப்பாண்டி என்ற டிங்கர், மருந்து ஏற்றிய வேன் என்று அறியாமல் வெல்டிங் வைத்து இரண்டு கண்களையும் இழந்தான். வேன்காரர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். அதன்பிறகு, மூடிய பெட்டித் தகட்டில் முதல் தீ வைக்கும்போது வண்டிக்காரரோ அவருடைய ரத்த உறவோ டிங்கரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும் என்றாயிற்று. கேள்விக்குப் பொய் சொல்லலாம், நிற்பதில் பொய் சொல்ல முடியாது என்று பட்டறைக்காரர்கள் நம்பினார்கள். பாலகுருவும் நம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. புதிய தகட்டை வெட்டி, மடித்து, கிழிசலின்மேல் பொருத்திப் பார்த்தாயிற்று.

"ஐயா, முதல் தீ. இங்கன வந்து நில்லுங்க."

ஒச்சப்பன் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாலகுருவின் தோளை ஒட்டி நின்றார். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. மாசி வெயில்தானே என்று பாலகுரு எண்ணினான். அவர் நின்றுவிட்டார் என்பதே அவனுக்குப் போதுமான விடையாக இருந்தது. நாக்கு சொன்னதை மறக்கத் தொடங்கினான். கேஸ் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தான். மஞ்சளாகப் புகைந்த சுடரில் ஆக்சிஜனைத் திறந்ததும் அது நீலமாகக் கூர்ந்தது. மண்டியிட்டுக் குனிந்தான்.

"அப்பா, தள்ளுங்க" என்று அருள்பாண்டி வெளியிலிருந்து விரைந்து வந்தார். "கண்ணு ஆப்பரேசன் பண்ணி ரெண்டு மாசம் ஆகல, இந்த வெளிச்சத்தப் பாக்கலாமா? ரத்த உறவு நின்னாப் போதும்லா அண்ணாச்சி? நான் நிக்கிறேன்."

"தாராளமா" என்றான் பாலகுரு.

"வேணாம்லே, நானே நிக்கிறேன்."

"போய் நிழல்ல உக்காருங்கப்பா." அருள்பாண்டி தகப்பனைத் தோளைப் பிடித்து மென்மையாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றார். சரியாகப் பார்ப்பதற்காக முகத்தைத் தகட்டருகே கொண்டுபோகவும் செய்தார்.

"ஏலே, இன்னைக்கு வேணாம். நேரம் சரியில்ல."

"ஞாயித்துக்கிழம ராகுகாலம் சாயங்காலம்லப்பா. வாத்தியாருக்கே பாடமா? நீங்க வைங்க அண்ணாச்சி."

சுடருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"அணைலே!"

பாலகுரு திரும்பினான். ஒச்சப்பன் மகனின் சட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். "அணைச்சிரு பாலகுரு. உரமில்ல. மருந்துதான் ஏத்துனேன்."

பாலகுரு வால்வுகளைத் திருகினான். சுடர் பட்டென்ற சிறு ஒலியுடன் அணைந்தது. அந்த ஒலிக்கே மூவரும் அதிர்ந்தார்கள்.

ஒச்சப்பன் சொன்னது அதிகமில்லை. மழை பொய்த்த ஆறேழு வருடங்கள். லைசென்ஸ் இல்லாமல் வீடுகளில் வெடி சுற்றியவர்களுக்கு உப்பும் அலுமினியப் பவுடரும் கொண்டுபோய் இறக்கியது. செக்போஸ்ட்டில் பெரிய மனிதரின் காரை யாரும் திறந்து பார்க்காதது.

"எந்த ஊரு வீடுகளுக்கு?" என்று அருள்பாண்டி கேட்டார். குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது.

"பல ஊரு."

"அந்த வீடுகள்ல பிள்ளைக இருந்துச்சா?"

ஒச்சப்பன் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டார். தன் தீபாவளிகளில் ஏன் ஒரு சரம்கூட வீட்டுக்கு வரவில்லை என்பதை அருள்பாண்டி அப்போது புரிந்துகொண்டிருக்க வேண்டும், கேட்பதை நிறுத்திவிட்டார்.

பாலகுரு எழுந்து நின்றான். டார்ச்சைக் கொக்கியில் மாட்டினான். வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதைக் காட்டிலும் வேறொன்று அவனைத் தைத்தது. இதே மனிதர் சற்று முன்புவரை அவன் தோளை ஒட்டி வாய் திறக்காமல் நின்றிருந்தார்.

"நான் தீயோட குனிஞ்சப்ப ஏன்யா சொல்லல?"

"நானும் தானப்பா உன் பக்கத்துல நின்னேன். போனா ரெண்டு பேரும் போயிருப்போம். இவன் முன்னால வாயத் தொறக்குறதுக்கு அது மேலுன்னு நெனச்சேன்."

"சாகத் துணிஞ்சது நீங்க, சரி. என்னையும் சேத்துத் துணிய வச்சீகளே, அது யாரக் கேட்டு?"

ஒச்சப்பன் தலை குனிந்தது. பாலகுருவின் குடும்பத்தில் அவரிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். கேட்டுவிட்டதில் அவனுக்கு நிறைவு எதுவும் ஏற்படவில்லை. அவர் சொன்னது உண்மை என்பதும், அந்த உண்மையில் தன் உயிர் ஒரு பொருட்டாக இருக்கவில்லை என்பதும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

"வண்டிய எடுத்துட்டுப் போயிரவாப்பா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"எங்க கொண்டுபோவீக? அடுத்த பட்டறைக்கா? அங்க ஒருத்தன் தீ வைக்கவா?" பாலகுரு தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து வண்டியருகே போட்டான். "இங்கனயே கழுவணும். ஆனா எங்கெங்க வச்சீகன்னு எனக்குத் தெரியணும். ஒரு இடம் விடாம."

தகட்டில் அளவு குறிக்கும் சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

ஒச்சப்பன் மகனை ஒருமுறை பார்த்தார். அருள்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இடப்புற ரன்னிங் போர்டில் ஒரு கோடு போட்டார். பின்சீட்டைத் தூக்கச் சொல்லி அதன் கீழ் ஒன்று. பின்கதவின் அடிமடிப்பில் ஒன்று. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியில் ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் பின் முடிந்தது என்று மற்ற இருவரும் எண்ணினார்கள். அவர் மூச்சு வாங்கியபடி, கூரையோரத்தைப் பிடித்துக்கொண்டு, சாக்பீஸுடன் வண்டியைச் சுற்றி வலப்புறத்துக்குப் போனார்.