துப்பாக்கியின் மைனஸ் இரண்டு

மைனஸ் என்றால் ஒரு சின்னக் கோடு. அதைப் போடாததற்கு நான் ஒரே ஒரு மதிப்பெண் குறைத்தேன். என் பிழைப்பே பீரோவுக்குள் மாட்டிக்கொண்டது.

எங்கள் பள்ளித் தாளாளர் பாண்டிச்செல்வம் அண்ணாச்சிக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனியும் காலண்டர் அச்சகமும் இருந்தன. வேலைக்குச் சேரும் ஆசிரியர்களின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கித் தன் வீட்டு பீரோவில் பூட்டிவிடுவார். பாதியில் ஓடிவிடக் கூடாதாம். பத்திரமாக இருக்கும் என்பார். பத்திரமாகத்தான் இருந்தன, நானும்தான்.

அந்த வருடம் எனக்கு அரசுப் பள்ளி வேலைக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை விருதுநகரில் ஒரிஜினல்களைக் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கேட்கப் போனேன். அண்ணாச்சி பீரோவைத் திறக்காமல், மகள் அழகுமீனாவின் காலாண்டு இயற்பியல் விடைத்தாளை மேசையில் போட்டார். மகள் எப்படியும் எடுத்துவிடுவாள் என்று அவள் படத்தோடு ‘இயற்பியலில் முழு மதிப்பெண்’ என்று பள்ளிக் காலண்டரையே அச்சடித்து முடித்திருந்தார் மனிதர். இனி காலண்டருக்கு ஏற்றபடி நான் திருத்த வேண்டும்.

கணக்கு எளிது. ஐந்து கிலோ துப்பாக்கியிலிருந்து இருபது கிராம் குண்டு வினாடிக்கு ஐந்நூறு மீட்டர் வேகத்தில் பாய்கிறது. சுடுவதற்கு முன் இரண்டும் சும்மா கிடந்தன, நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் உந்தம் பூஜ்யம். சுட்ட பிறகும் கூட்டினால் பூஜ்யம்தான் வர வேண்டும். குண்டுக்கு முன்பக்கமாகப் பத்து என்றால் துப்பாக்கிக்குப் பின்பக்கமாகப் பத்து, அதாவது மைனஸ் பத்து. ஐந்தால் வகுத்தால் மைனஸ் இரண்டு. அழகுமீனா வெறும் இரண்டு என்று எழுதியிருந்தாள். அப்படியென்றால் துப்பாக்கியும் குண்டோடு சேர்ந்து முன்னால் ஓடுகிறது. இதைப் பொறுமையாகவே சொன்னேன்.

“நம்பர் சரிதான டீச்சரம்மா? ஒரு கோட்டுக்கா இம்புட்டு வீம்பு? மார்க்கப் போடுங்க, சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போங்க.”

போட்டுவிடலாமா என்றுதான் இருந்தது. ஆனால் அதே தப்புக்குப் பானுப்பிரியாவுக்கும் ஒன்று குறைத்திருந்தேன். அவள் அம்மா அண்ணாச்சியின் கம்பெனியில் திரி செருகுகிறாள். அந்தப் பிள்ளைக்காகக் கேட்க யாரும் வரவில்லை. முடியாது என்றேன். அண்ணாச்சி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வியாழக்கிழமை மறுதேர்வு வைக்கச் சொன்னார். மகள் முழுசாக எடுத்தால் அப்புறம் பார்க்கலாமாம். அவருடைய ‘பார்க்கலாம்’ எப்படிப்பட்டது என்று பள்ளிக்கே தெரியும்.

மறுதேர்விலும் அதே கணக்கைக் கொடுத்தேன், ஆத்திரத்தில்தான். ஜன்னல் வழியே விருதுநகர் பஸ் போவது தெரிந்தது. நாளைக்கும் இதே ஜன்னலோரம்தான் நிற்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகு அழகுமீனா தாளை நீட்டினாள். கூடுதல் தாள்களைச் சேர்த்து நூல் கட்டியிருந்தாள். சின்னத் தேர்வுக்கு அது ரொம்பத் தடிமன். பிரித்தேன். முதல் தாளில் அழுத்தமாக மைனஸ் இரண்டு. நடுவில் என் பட்டம், பி.எட்., மதிப்பெண் பட்டியல்கள், எல்லாம்.

சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கொண்டுபோய் பீரோவிலேயே வைத்துவிடு, அப்பாவுக்குத் தெரிந்தால் உன்னைத்தான் இடிக்கும் என்றேன்.

அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“இடிக்கத்தான் செய்யும் டீச்சர். ஆனா எங்க வீட்ல நான் ஒத்தப் பிள்ள, நான்தான் கனம். ரெண்டு மீட்டர்தான் பின்னால போவேன். நீங்க ஐந்நூறுல போங்க.”

சிவப்புப் பேனாவை எடுத்து முழு மதிப்பெண் போட்டேன். கணக்கைச் சரியாகத்தான் செய்திருந்தாள்.