தறித்தூசி

“வாயக் கட்டணும்ணே. துணி ஏதும் கொண்டாந்திருக்கியளா?”

வார்டு ஊழியர் மாடத்தி கேட்டதும் சமுத்திரத்தின் கை தானாகவே பைக்குள் போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று தறியிலிருந்து எடுத்துவந்த பேண்டேஜ் துணிச் சுருள், ஆறு நாளாகப் பிரிக்கப்படாமல் அதில் கிடந்தது. அண்ணன் கருத்தையாவின் தாடைக்கு அடியில் துணியைக் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சிட்டான். பிறகு கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினான்.

“முடிச்சு நல்லா விழுந்திருக்கு. தறிக்காரவுகளா?”

“ஆமா. அண்ணனும் நானும் ஒரே ஷெட்டு.”

கடையில் விலை சொல்வதுபோல அதைச் சொன்னான்.

முந்தின நாள்தான் டாக்டர் பியூலா பரிசோதனைத் தாளைக் காட்டி விளக்கியிருந்தார்.

“ஒரு வைரஸ் இல்லம்மா, ரெண்டு. ஃப்ளூ ஒண்ணு, ஆர்.எஸ்.வி.ன்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல நுரையீரலப் பிடிச்சிருக்கு. சுகர் வேற.”

“யார்ட்ட இருந்து தொத்துச்சு டாக்டர்?” என்று கேட்டவள் மதினி அழகுத்தாய்.

“அதச் சொல்ல முடியாதும்மா.”

சமுத்திரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புரட்டாசிச் சனிக்கிழமை, திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றின் பெருமாளைச் சேவிக்க அண்ணனைப் பைக்கில் ஏற்றிப் போனவன் அவன்தான். அதற்கு முந்தின நாளே அவனுக்குக் காய்ச்சல். சொன்னால் அண்ணன் பயணத்தை நிறுத்திவிடுவார். படியேறும்போது இருமல் வந்தது.

“ஏலே, நீ இருமுத இருமல்ல கொரங்கெல்லாம் செண்பகத்தோப்புக் காட்டுக்கு ஓடிரும்போல!”

“தறித்தூசிண்ணே.”

தறிக்காரர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் எவரும் எதுவும் கேட்பதில்லை.

திருவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியை விட்டு ராஜபாளையம் நோக்கி வண்டி புறப்பட்டது. உள்ளே அண்ணன், எதிரெதிரே அவனும் மதினியும். அவள் மடியில் ஃபிளாஸ்க் இருந்தது. வீடு போய்ச் சேருமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். சொன்ன பிறகு அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது என்பதுதான் தெரியவில்லை.

ஷெட்டில் இழை அறுந்து இருவர் சண்டையிட்டால் அண்ணன் ஒரு கதை சொல்வார். ஒரே கயிற்றை இரு முனையிலும் இரண்டு அணில்கள் கடித்தனவாம். ஒன்று மற்றொன்றைப் பார்க்கவில்லை. கயிறு விழுந்ததும், தான்தான் அறுத்தோம் என்று இரண்டுமே ஓடி ஒளிந்துகொண்டனவாம். அந்தக் கதை ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தான்.

“தூசியா தம்பி?” என்றாள் மதினி.

வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. அண்ணனின் கட்டிய கால்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அவற்றை நேராக்கி வைத்தான்.

“இல்ல மதினி. காச்ச. மலைக்குப் போறதுக்கு மொத நாளே.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, அவனையும் பார்க்கவில்லை.

“எனக்கும் அன்னைக்கு மேலு கொதிச்சுது. சொன்னா அவிய அடுப்புகிட்ட விடமாட்டாவ. மலைக்குக் கட்டிக் குடுத்த புளியோதரை நான் கிண்டுனதுதான.”

வெளியே கண்மாய்க் கரை, பஞ்சாலைச் சுவர், மறுபடியும் ஒரு வேகத்தடை.

அவள் ஃபிளாஸ்கைத் திறந்தாள். குழாய் செருகிய வாய்க்கு ஒரு சொட்டும் ஆகாது என்று தெரிந்தும், ஆறு நாளும் காலையில் நிரப்பிக் கொண்டுவந்து, மாலையில் கொட்டிய வெந்நீர். மூடியில் ஊற்றி அவனிடம் நீட்டினாள். இன்னும் ஆவி பறந்தது.

அவன் குடித்து முடித்து, மூடியைச் சட்டை நுனியால் துடைக்கப் போனான்.

“இருக்கட்டும்” என்று வாங்கி, அதிலேயே தனக்கும் ஊற்றிக்கொண்டாள்.