சோனே கேட்ட தவளை

சோனே ஒரு தவளை கேட்டான். சாதாரணத் தவளையா? கைக்குழந்தை கனம் கனக்கிற அருவித்தவளை! மாப்பிள்ளை அதைப் பிடித்துப் புகையில் வாட்டி, குழம்பு வைத்துக் கொண்டுவர வேண்டும். பெண்ணின் தாய்மாமன், இங்கே சோனேதான், முதல் துண்டைத் தின்ன வேண்டும். தின்றால்தான் பெண் கொடுத்ததாக அர்த்தம். அவர்கள் வம்சத்து வழக்கம் அது.

கேட்டது யாரிடம்? எபோங்கிடம். மானெங்கூபா மலையடி வேட்டைக்காரர்களை எல்லாம் கூட்டி, "இனிமேல் தவளையைத் தொட மாட்டோம்" என்று சத்தியம் வாங்கியவனே அவன்தான். போன வருஷம் சோனே மீன் பிடிக்க ஆற்றில் கொக்கோ மரத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்தை ஊற்றப் போனபோது, டின்னைப் பிடுங்கி ஊர்க்கூட்டத்தில் வைத்து மானத்தை வாங்கியவனும் அவன்தான். அந்த வஞ்சம் சோனேக்கு ஆறவே இல்லை.

"தவளை இல்லாம வந்துடாதேடா மாப்ளே," என்று பல்லைக் காட்டினான். "வந்தா, என் மருமகளை மறந்துடு."

மெசோதேயை மறப்பதா? எபோங்கால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒன்றே ஒன்று, இந்த ஒரு தடவைதான் என்று வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். பதினெட்டு நாள் பாறை பாறையாக அலைந்தான். பதினெட்டாம் நாள், சனிக்கிழமை காலையில், பெரிய அருவிக்குக் கீழே ஒரு தவளை கிடந்தது. முட்டையிட அது தானே கல்லைத் தள்ளிக் கட்டிய சின்னக் குட்டைக்குப் பக்கத்தில், மல்லாந்து காலை இழுத்துக்கொண்டிருந்தது. குட்டையில் முட்டையெல்லாம் வெளுத்துப்போயிருந்தன. மீனும் இறாலும் செத்து ஒதுங்கியிருந்தன. புதருக்குள் கொக்கோ மருந்து டின். கைப்பிடியில் சிவப்புத் துணி. சோனே தன் சாமான் எல்லாவற்றிலும் கட்டுகிற அதே துணி.

பாவி! எபோங்குக்குத் தவளை கிடைக்கக் கூடாது என்று ஆற்றையே கொன்றுவிட்டான். மடியில் எடுத்து வைத்த கொஞ்ச நேரத்தில் தவளையும் அடங்கிப்போயிற்று. எபோங் வாய்விட்டு அழுதான்.

டின்னைக் காட்டினால் "களவு போயிடுச்சு" என்று கையை விரித்துவிடுவான். அதனால் தவளையை அங்கேயே புதைத்துவிட்டு, மெசோதேயிடம் மட்டும் சொன்னான். அவள் வீட்டுச் சேவலை அறுத்தாள். புகை போட்டு நறுக்கி, வேர்க்கடலை அரைத்து ஊற்றினால் சேவல் எது, தவளை எது?

ஞாயிறு மத்தியானம் மெசோதேயின் அம்மா எனாங்கா வீட்டில் சொந்தம் கூடியது. எபோங் சட்டியை சோனே முன்னால் வைத்தான்.

"எங்கேடா பிடிச்சே?"

"பெரிய அருவிக்குக் கீழே, மாமா. தானா மல்லாந்து கிடந்தது. எனக்கு வேலையே வைக்கலே."

சோனேயின் முகம் செத்துப்போயிற்று.

"தின்னுய்யா, எங்களுக்கு எச்சில் ஊறுது!" என்றது கூட்டம்.

"பல்லு வலிக்குது."

"ஊர்ப் பேச்சை மெல்றப்போ வலிக்காத பல்லா?" என்று ஒருத்தி கேட்க, வீடே சிரித்தது.

"மாமாவால முடியலேன்னா நான் தின்னு காட்டறேன்," என்று மெசோதே ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வேணாம்டீ! விஷம்!" சோனே பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான்.

துண்டு தரையில் விழுந்து உருண்டது.

"விஷம்னு உனக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள் எனாங்கா.

மெசோதே இன்னொரு துண்டை எடுத்து நிதானமாக மென்று விழுங்கினாள். "நம்ம வீட்டுச் சேவல், மாமா. தவளையை உங்க டின்னு கொன்னுடுச்சு."

"உன்னைக் காப்பாத்தத்தானேடீ பாய்ஞ்சேன்! நான் தூக்கி வளர்த்த பொண்ணு நீ!"

அது பொய் இல்லை. அதனால்தான் எபோங்குக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது.

"நேத்து விடியறப்போகூட அந்த ஆத்துலதான் தண்ணி மொண்டேன்," என்றாள் எனாங்கா. "நாங்க எல்லாரும் குடிச்சோம். அப்போ ஏண்ணே கையைத் தட்டிவிட வரலே?"

எனாங்கா சட்டியைத் தன் பக்கம் இழுத்து, முதல் துண்டைத் தானே தின்றாள்.

"பொண்ணு குடுத்தாச்சு. நீ எழுந்திரிச்சுப் போண்ணே. இனி இந்த வாசல் மிதிக்காதே."

மெசோதே எபோங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சத்தியத்தை மீறி, அந்தத் தவளையைக் கொல்லத்தான் அவனும் ஆற்றில் இறங்கியிருந்தான்.